கெலவரப்பள்ளி மதகில் வரும் தண்ணீர்: அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீர்வளத் துறைச் செயலர் அவர்களுக்கும், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஓசூர் அருகே தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் இங்கே கேமராக்கள் வருகின்றன. ஷட்டரைத் திறந்ததும் வெள்ளை வெளேரென்று நுரை எழும்பி, தரைப்பாலத்தை மூடி, காற்றில் பறந்து பக்கத்து வயலில் விழுவதை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். கர்நாடகத்தைக் கண்டித்து ஓர் அறிக்கை வரும். தண்ணீர் மாதிரி எடுக்கப்பட்டது என்று ஒரு செய்தி வரும். நீர்வரத்து குறைந்ததும் நுரை அடங்கிவிடும், வந்தவர்களும் போய்விடுவார்கள். நுரைக்கு அடியில் இருந்த தண்ணீர் மட்டும் வாய்க்காலில் இறங்கி எங்கள் நிலத்துக்கு வந்துகொண்டே இருக்கும். இந்த மடல் அந்தத் தண்ணீரைப் பற்றியது.

அது எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. மழைக்காலம் போனால் அந்த ஆற்றுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. கோடையிலும் அணைக்கு வரத்து இருக்கிறதென்றால் அது பெங்களூரு வீடுகளின் குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வருவது. பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி, அதைத் தாண்டி தட்சிண பினாகினி (தென்பெண்ணைக்குக் கர்நாடகத்தில் உள்ள பெயர்), அப்புறம் நாம். அந்த பெல்லந்தூர் ஏரிதான் 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்து உலகச் செய்தியானது.

இன்னொன்றும் உண்டு. அந்த வீடுகளுக்குக் குழாயில் வருவது காவிரி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நாளொன்றுக்கு 145 கோடி லிட்டராக இருந்த திட்டத்தில் 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமாக மேலும் 77.5 கோடி லிட்டர் சேர்ந்தது. வீட்டுக்குப் போகும் தண்ணீரில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில், பெங்களூரு நகரில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பைத் தளர்த்தி நகரத்துக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. நகரத்தின் மீதிப் பகுதியில் பெரும்பங்கின் வடிகால் தென்பெண்ணைதான். ஆக, காவிரிக்காக ஒரு பக்கம் வழக்கு நடத்திக்கொண்டே, பெங்களூரு பயன்படுத்தி விட்ட காவிரியில் நாங்கள் தக்காளி வைத்துக்கொண்டிருக்கிறோம். இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சொல்ல வந்தது இதுதான். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாசனத்துக்குத் தரலாமா என்று நீங்கள் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே அது ஏற்கெனவே நடக்கிறது. கெலவரப்பள்ளி ஆயக்கட்டு ஏறத்தாழ 8,000 ஏக்கர். அந்த 8,000 ஏக்கருக்கும் கழிவுநீர் கலந்த தண்ணீர்தான் போகிறது. ஆனால் உங்கள் கோப்பில் அது சாதாரண ஆற்றுப் பாசனம். அதனால் கழிவுநீர்ப் பாசனத்துக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் எந்தப் பாதுகாப்பும் எங்களுக்கு இல்லை. எந்தப் பயிர் வைக்கலாம் என்று சொல்ல ஆள் இல்லை, மதகில் சோதனை இல்லை, களை எடுக்கும் பெண்களுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்கூட இல்லை. நுரையை நிறுத்துங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் கேட்பது வேறு: இது கழிவுநீர்ப் பாசனம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால் என்னென்ன கடமை வருமோ அதைச் செய்யுங்கள்.

இந்தத் தண்ணீரே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. போர் போட்டால் ஆயிரம் அடிக்குக் கீழேயும் புகைதான் வருகிறது என்று புலம்பும் வறண்ட பூமி சுற்றிலும் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் வருகிற தண்ணீரை எந்த விவசாயியும் தள்ளமாட்டான். போதாததற்கு அதில் உரமும் இருக்கிறது. ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்று வையுங்கள், அது 40 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால், 80 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவும் சொச்சமும்தான் என்பதால், கிட்டத்தட்ட நான்கு மூட்டை யூரியா தண்ணீரிலேயே கரைந்து வந்துவிடுகிறது. நெல்லுக்கு ஏக்கருக்குச் சிபாரிசு செய்வதைவிட இது அதிகம். இது தெரியாமல் எங்கள் ஆட்கள் வழக்கம்போல் மேலுரமும் போடுகிறார்கள். பயிர் கருகருவென்று வளர்ந்து, சாய்ந்து, பூச்சி பிடித்து, மருந்துக் கடைக்குப் பணம் போகிறது. தண்ணீரில் எவ்வளவு தழைச்சத்து என்று மாதம் ஒருமுறை சொல்லியிருந்தால் யூரியாச் செலவும் மிச்சம், மருந்துச் செலவும் மிச்சம்.

மெக்சிகோ நகரத்தின் சாக்கடையை நூறாண்டுக்கும் மேலாக மெஸ்கித்தால் பள்ளத்தாக்கு விவசாயிகள் பாய்ச்சி வருகிறார்கள். அங்கே பெரிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட அரசு கிளம்பியபோது, தண்ணீரிலிருக்கும் சத்துப் போய்விடுமே என்று கவலைப்பட்டவர்கள் விவசாயிகள்தான். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். உரச் செலவு பார்த்தவனுக்கு வேடிக்கையாக இருக்காது.

சரி, கெடுதல் பக்கத்துக்கு வருகிறேன். கெலவரப்பள்ளித் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அதிகாரிகள் தரும் வழக்கமான பதில், பாசனத்துக்கு உகந்தது என்பது. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி வகைப்படுத்தியிருக்கிறது. பாசனத்துக்கானது 'இ' வகை. அதில் பார்ப்பது நான்கே நான்கு: அமில காரத் தன்மை 6-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் 2,250-ஐத் தாண்டக் கூடாது, சோடியம் விகிதம் 26-க்குள், போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள். அவ்வளவுதான். மலக் கிருமி பற்றி ஒரு வரி இல்லை, புழு முட்டை பற்றி இல்லை, காட்மியம், குரோமியம் பற்றி இல்லை. நல்ல மழைத் தண்ணீர் மட்டுமே ஆற்றில் ஓடிய காலத்துக்கு இது போதும். சாக்கடை கலந்த தண்ணீருக்கு இதை வைத்துச் சான்று கொடுப்பது, கண் பரிசோதனை மட்டும் செய்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதைப் போல.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது அளவுகோலும் இதே போக்குதான். கழிவை நீர்நிலையில் விட வேண்டுமானால் அதிலுள்ள கரிமக் கழிவைக் காட்டும் அளவான பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அதையே பாசன நிலத்தில் விடுவதென்றால் 100 வரை போகலாம். மண் தாங்கிக்கொள்ளும் என்ற எண்ணத்தில் போட்டிருப்பார்கள். கரிமக் கழிவை மண் தாங்கும், உண்மைதான். அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று நாற்று நடும் உடம்பு தாங்குமா என்பதை அந்த அட்டவணை கேட்கவில்லை.

எங்கள் பக்கம் வயலில் இறங்குவது பெரும்பாலும் பெண்கள், கூலிக்கு வருபவர்கள். கழிவுநீர்ப் பாசனத்தில் முதலில் பாதிக்கப்படுவது சாப்பிடுபவர் அல்ல, இவர்கள்தான். கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். அப்புறம் இரத்தச் சோகை. உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே, பச்சையாகத் தின்னும் பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் புழு முட்டை இருக்கக் கூடாது, 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம் என்னும் குடல் கிருமி ஆயிரத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. நம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீருக்கு 230 என்று இன்னும் இறுக்கமான எண் கொடுத்தது. கெலவரப்பள்ளி மதகில் அந்த எண் என்ன? இந்தக் கேள்விக்கு ஆயக்கட்டில் உள்ள எந்த விவசாயியாலும் பதில் சொல்ல முடியாது.

2006-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அணுகுமுறையையே மாற்றிக்கொண்டது. தண்ணீரை முழுக்கச் சுத்தமாக்க எல்லா நாட்டாலும் முடியாது, அதனால் வழியெங்கும் தடுப்பு வையுங்கள் என்றது. ஏழை நாட்டுக்கு இது நல்ல யோசனை. சொட்டுநீர் போட்டால், தரையில் படாமல் உயரத்தில் காய்க்கும் காயில் கிருமி பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அறுவடைக்குச் சில நாள் முன்பே பாய்ச்சுவதை நிறுத்தினால் வெயிலிலேயே நிறையச் சாகும். கழுவினால் பத்தில் ஒன்றாகும். வேகவைத்தால் ஏறத்தாழ எல்லாமே போய்விடும். இப்படிப் பார்த்தால் ஓசூர் வட்டாரத்தில் விளைகிற முட்டைகோஸ், பீன்ஸ், தக்காளி எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. கொத்தமல்லியும் புதினாவும்தான் பிரச்சினை. அவை தரையோடு வளரும், பச்சையாகச் சட்னிக்குப் போகும். அவற்றை இந்த வாய்க்கால் தண்ணீரில் வைக்காதீர்கள், ரோஜாவும் தீவனப் பயிரும் வையுங்கள் என்று தோட்டக்கலைத் துறை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் இது கழிவுநீர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சொட்டுநீர் என்றதும் மானியம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீதம், நல்ல திட்டம்தான். ஆனால் போர் தண்ணீரை நினைத்துப் போட்ட திட்டம் அது. கழிவுநீரில் வழுவழுப்பாகப் படலம் கட்டி சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். மணல் வடிகட்டி, அடிக்கடி குழாயைக் கழுவிவிடும் வசதி, தேவைப்பட்டால் குளோரின் என்று கூடுதலாக வேண்டும். அதையும் சேர்த்து ஒரு தனி மாதிரியை ஆயக்கட்டுக்கென்று கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் குழாயைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டுவிட்டு வாய்க்காலையே வெட்டிவிடுவோம்.

கிருமிக்காவது வெயில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. உப்புக்கு எதுவும் இல்லை. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருந்தால், நான் மேலே சொன்ன 40 லட்சம் லிட்டரில் 4 டன். ஒரு போகத்துக்கு, ஒரு ஏக்கருக்கு. நல்ல மழை பெய்து கழுவிக்கொண்டு போனால் தப்பினோம். பீன்ஸும் கேரட்டும் உப்பை முதலில் உணரும் பயிர்கள். எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் சாதாரணமாக உப்பை எடுப்பதில்லை. தொழிற்சாலைக் கழிவு சாக்கடையில் கலந்தால் கூட வரும் கன உலோகங்களும் அப்படித்தான். அங்கே வேலை செய்வது கரிமக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள். காட்மியத்தை அவை தின்று தீர்க்காது. வண்டலில் தங்கியது போக மீதி தண்ணீரோடு வரும், கீரைக்குள்ளும் போகும். அதனால் உப்பையும் உலோகத்தையும் அவை புறப்படும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். இஸ்ரேல் தன் கழிவுநீரில் பெரும்பகுதியை விவசாயத்துக்குக் கொடுக்கும் நாடு என்பது எல்லோரும் மேடையில் சொல்வது. 1990-களின் இறுதியில் அவர்கள் துணி துவைக்கும் சோப்புத்தூளில் போரான், சோடியம் அளவையே சட்டம் போட்டுக் குறைத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கோ பாலைவனத்தில் இருக்கும் தோப்புக்காக நகரத்துச் சோப்பை மாற்றினார்கள். நுரைக்கும் இதில் பாடம் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடினால் சோப்பு நுரையின் பெரும்பகுதி அங்கேயே உடைந்துவிடும். இவ்வளவு நுரை வருகிறதென்றால், அந்த நிலையங்களுக்குள் போகாமலே நிறையச் சாக்கடை ஏரியில் விழுகிறது என்று அர்த்தம். நாட்டின் நிலையும் அதுதான். மத்திய வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர், அதில் சுத்திகரிக்கப்படுவது 2,023.6 கோடி.

இனி கோலார் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் அது. அங்கே பெங்களூரின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரை ஏற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்தைக் கர்நாடகம் 2018 ஜூனில் தொடங்கியது. அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை. உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய் மறுபடி தண்ணீர் ஓடியது. நுண்ணுயிரை வைத்துக் கரிமக் கழிவை நீக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதாது, அதற்கு மேல் வடிகட்டிக் கிருமி நீக்கும் மூன்றாம் நிலையும் வேண்டும் என்று அங்கே விவசாயிகள் கேட்டது இன்னும் தீரவில்லை. அதே சமயம் வறண்ட கிணறுகளில் தண்ணீர் ஏறியதும் உண்மை. ஏரியிலிருந்து நேரடியாக மோட்டார் வைத்து எடுக்கக் கூடாது, நிலத்தடியில் இறங்கி மண்ணில் வடிகட்டி வரும் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. குறை நிறைய இருந்தாலும் கோலாரில் இது கழிவுநீர் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வழக்குப் போட முடிந்தது, ஆய்வு நடந்தது, விதி வந்தது. அதே நகரத்தின் சாக்கடை எல்லை தாண்டி எங்களிடம் வரும்போது மட்டும் ஆறாகிவிடுகிறது.

கோலார் இன்னொரு கணக்கையும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 44 கோடி லிட்டர் என்றால் விவசாயி மொழியில் வினாடிக்கு 180 கன அடி. வருடம் முழுக்க அப்படியே ஓடினால் ஐந்தரை டி.எம்.சி.க்கு மேல். அது திருப்பி விடப்படாமல் இருந்தால் கெலவரப்பள்ளிப் பக்கம் வந்திருக்க வேண்டிய தண்ணீர். சாக்கடையாக இருக்கும்வரை யாருக்கும் வேண்டாம், சுத்தம் செய்தால் எல்லோருக்கும் வேண்டும். பெங்களூரு நாளைக்கே தன் கழிவு முழுவதையும் சுத்திகரித்துவிட்டால் நுரை போய்விடும், கூடவே எங்கள் கோடைத் தண்ணீரும் போய்விடலாம். கர்நாடகத்திடம் தரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில் உள்ள ஆபத்து இது. 2019-ல் தென்பெண்ணைக்கு நதிநீர்த் தீர்ப்பாயம் வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டபோது பேச்செல்லாம் அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையைச் சுற்றியே இருந்தது. இனி பேசப் போகும்போது கழிவுநீரில் எங்கள் பங்கு எத்தனை கன அடி, எந்தத் தரத்தில், எல்லையில் யார் அளப்பது என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். தரத்தைத் தனியாக, அளவைத் தனியாகக் கேட்டால் இரண்டிலும் தோற்போம்.

எல்லாப் பழியையும் பெங்களூரு மேல் போட்டுவிட்டு ஓசூர் தப்பிக்கவும் முடியாது. 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்ட ஊர். இங்கே கட்டும் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். காசு கொடுப்பவருக்கு நல்ல தண்ணீர், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களுக்கு ஆர்.ஓ. தண்ணீர், எங்களுக்கு நுரைத் தண்ணீர் என்று நிரந்தரமாக்கிவிடாதீர்கள் என்கிறேன். சிப்காட் வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக அவர்கள் இன்று உறிஞ்சும் நல்ல தண்ணீரில் ஒரு பங்கை விவசாயத்துக்கு விடலாம். இந்தப் பேரத்தைப் பேச வேண்டியது நீங்கள்.

எங்கள் ஆட்களிலேயே சிலருக்கு இந்த மடல் பிடிக்காது. மதகில் எண்ணை எழுதி வைத்தால் நம் காயை யார் வாங்குவான், சும்மா இருப்பதே மேல் என்பார்கள். நியாயமான பயம்தான், ஓசூர்க் காயில் பெரும்பகுதி பெங்களூருக்கே போகிறது. ஆனால் நுரைப் படம் ஏற்கெனவே எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. அந்தப் படத்துக்கு எதிரே வைக்க எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை என்பதுதான் இப்போதைய நிலை. கலிஃபோர்னியாவின் மான்டெரே பகுதியில் பத்தாண்டுக்கும் மேல் ஆய்வு நடத்தி, 1987-ல் அறிக்கை வெளியிட்டு, அதன் பிறகுதான் 1998-ல் சுத்திகரித்த நீரை ஏறத்தாழ 12,000 ஏக்கருக்குக் கொடுத்தார்கள். அங்கே விளைவது பச்சையாகத் தின்னும் இலைக்காய்கள். ஆய்வு முடிவு கையில் இருந்ததால் விவசாயி தைரியமாகச் சந்தைக்குப் போனான்.

மான்டெரே அளவுக்கு நான் கேட்கவில்லை. அடுத்த பாசனத் திறப்புக்கு முன் இடது, வலது வாய்க்கால் மதகுகளில் தலா ஒரு பலகை வையுங்கள். உப்பு, தழைச்சத்து, மலக் கோலிஃபார்ம், புழு முட்டை, முக்கியமான உலோகங்கள்: மாதாமாதம் எடுத்த எண்ணும், அருகிலேயே இருக்க வேண்டிய எண்ணும், தமிழில். அந்த எண்ணைப் பார்த்து என்ன வைக்கலாம், எவ்வளவு உரம் குறைக்கலாம் என்று தோட்டக்கலைத் துறை அதே பலகையில் இரண்டு வரி எழுதட்டும். வயலில் இறங்கும் கூலித் தொழிலாளர்களுக்குப் பூட்ஸும், வருடம் இருமுறை குடற்புழு மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகக் கொடுங்கள். மாதிரி எடுக்கும் அன்று நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர் கூட நிற்கட்டும், ஒரு பாட்டில் எங்களிடமும் இருக்கட்டும். இதற்கு அணை கட்டும் செலவு ஆகாது. திறப்பு விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு வருடச் சோதனை முடிந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

பதிலை எனக்குத் தனியாக எழுத வேண்டாம். ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கெலவரப்பள்ளி ஆயக்கட்டு விவசாயி ஒருவன்